பஸ்ஸின் முள் காட்டுவது கதியா, வேகமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகன் தரம் 10 படிக்கிறான். விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் தொடங்கியதிலிருந்து தடுமாறுகிறானாம். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் தூரமும் இடப்பெயர்ச்சியும் ஒன்றில்லை, கதியும் வேகமும் ஒன்றில்லை என்றால் "எல்லாம் ஒன்றுதானே அம்மா" என்கிறானாம். யூடியூப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. போன தவணைப் பரீட்சையில் ஒரு கணக்குக்கு ஆசிரியர் "விடை: பூச்சியம்" என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். போய்வந்த பிள்ளைக்கு எப்படி வேகம் பூச்சியமாகும் என்று கேட்கிறான். "நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன், நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்பது தாயின் கேள்வி.

உங்களால் முடியும். இந்த அலகுக்கு வேண்டிய கணிதம் பெருக்கல், வகுத்தல், முக்கோணத்தின் பரப்பளவு, அவ்வளவுதான். மலையகத்துப் பிள்ளைக்கு வளைவும் ஏற்றமும் இறக்கமும் புதிதில்லை. பல வருடமாக ஹட்டன் பக்கத்தில் இந்த அலகைப் படிப்பித்து வருகிறேன். பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் ஏறத்தாழ எப்போதும் அதே நான்கைந்து இடங்கள்தான்.

முதலில் யூடியூப் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அதில் பிள்ளையின் பிழை எதுவுமில்லை. நம் நாட்டுப் பாடநூலில் திசை பார்க்காமல் சொல்வது கதி. திசையோடு சேர்த்துச் சொல்வது வேகம். வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். தமிழ்நாட்டுப் பாடநூலில் திசை பார்க்காமல் சொல்வதுதான் வேகம்; திசையோடு சொல்வது திசைவேகம்; அது மாறும் வீதம் முடுக்கம். ஆகவே சென்னையிலிருந்து ஒருவர் காணொளியில் "வேகத்துக்குத் திசை கிடையாது" என்று சொன்னால் அவர் சொல்வது சரி. ஹட்டனில் ஆசிரியர் "வேகத்துக்குத் திசை உண்டு" என்று சொன்னால் அதுவும் சரி. ஒரே சொல், இரண்டு கருத்து. இடையில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் கதி, அந்தப் பக்கம் வேகம். இந்தப் பக்கம் வேகம், அந்தப் பக்கம் திசைவேகம். ஆர்முடுகலுக்கு முடுக்கம், படித்திறனுக்குச் சாய்வு, செக்கனுக்கு வினாடி, காவிக் கணியத்துக்குத் திசையன். அதற்குப் பிறகு அவன் எந்தக் காணொளியையும் பார்க்கலாம். தமிழ்நாட்டு ஆசிரியர்களில் மிக அழகாகச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். சொல் வேறு என்பதற்காக அவர்களை விட்டுவிட வேண்டாம். பரீட்சைத் தாளில் மட்டும் நம் சொல்லை எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. "பஸ் வேகமாப் போகுது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பாடநூலின்படி பார்த்தால் அங்கே சொல்ல வேண்டியது கதி. பேச்சைத் திருத்தத் தேவையில்லை, திருத்தவும் முடியாது. விஞ்ஞானக் கொப்பியைத் திறந்ததும் வேகம் என்ற சொல்லுக்கு ஒரு திசை ஒட்டிக்கொள்கிறது என்று மட்டும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி தூரமும் இடப்பெயர்ச்சியும். மேல் டிவிஷன் லயத்து வாசலில் நின்றால் எதிர் மலையில் பாடசாலையின் தகரக் கூரை பளபளவென்று தெரியும். மணி அடிப்பதுகூடக் கேட்கும். ஆனால் போக வேண்டுமென்றால் பாதை இறங்கி, கொழுந்து மடுவத்தைச் சுற்றி, பாலத்தைக் கடந்து, வளைந்து வளைந்து அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். கால் நடந்த பாதையின் நீளம் தூரம். கணக்குக்காக 3 கிலோமீற்றர் என்று வைப்போம். வாசலிலிருந்து பாடசாலைக்கு ஒரு காகம் பறந்தால் அது பறக்கும் நேர்கோடும், எந்தப் பக்கமாகப் பறக்கிறது என்பதும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி. அது 1 கிலோமீற்றர், கிழக்கே, என்று வைப்போம். தூரத்தைச் சொல்ல ஒரு எண் போதும்; அது எண்ணிக் கணியம். இடப்பெயர்ச்சியைச் சொல்ல எண்ணோடு திசையும் வேண்டும். அது காவிக் கணியம்.

வீட்டில் செய்து காட்ட ஒரு நூல் போதும். ஒரு தாளில் லயத்தையும் பாடசாலையையும் புள்ளி வைத்து, பாதையை வளைத்து வரையச் சொல்லுங்கள். நூலைப் பாதையின் மேல் வளைவுக்கு வளைவு படிய வைத்து, பிறகு நீட்டி அடிமட்டத்தில் அளந்தால் தூரம். இரண்டு புள்ளிக்கும் நடுவே அடிமட்டத்தை நேராக வைத்து, அம்புக்குறி போட்டால் இடப்பெயர்ச்சி. இதைக் கையால் செய்த பிள்ளை இரண்டையும் மாற்றி எழுதுவது அரிது.

இதே பாதையிலேயே அந்தச் சிவப்பு மைப் பூச்சியத்தையும் பார்த்துவிடலாம். காலையில் இறக்கம். மகன் மணிக்கு 6 கிலோமீற்றர் கதியில் போகிறான். 3 கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலம். பின்னேரம் ஏற்றம், தோளில் புத்தகப் பை வேறு. மணிக்கு 3 கிலோமீற்றர்; ஒரு மணித்தியாலம். முழுப் பயணத்துக்கும் சராசரிக் கதி என்ன?

ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் 6ஐயும் 3ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 4.5 என்பார்கள். பிழை. போய்வந்த மொத்தத் தூரம் 6 கிலோமீற்றர். எடுத்த மொத்த நேரம் ஒன்றரை மணித்தியாலம். 6ஐ 1.5 ஆல் வகுத்தால் 4. சராசரிக் கதி மணிக்கு 4 கிலோமீற்றர். ஏன் 4.5 இல்லை? அவன் மெதுவாக நடந்த நேரம், விரைவாக நடந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால் சராசரி மெதுவான பக்கமே சாய்கிறது. சராசரிக் கதி என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது, வேறெதுவுமில்லை. கதிகளைக் கூட்டி வகுக்கும் பழக்கத்தை இந்த ஒரு கணக்கிலேயே கைவிட வைத்துவிடுங்கள். பரீட்சையில் இங்கேதான் நிறையப் புள்ளிகள் போகின்றன.

சராசரி வேகம் என்ன? வேகம் என்றால் தூரத்தை விட்டுவிட்டு இடப்பெயர்ச்சியை எடுக்க வேண்டும். காலையில் லயத்து வாசலில் புறப்பட்டவன் பின்னேரம் அதே வாசலுக்கு வந்துவிட்டான். தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒன்று, இடப்பெயர்ச்சி பூச்சியம். பூச்சியத்தை எந்த நேரத்தால் வகுத்தாலும் பூச்சியம். ஆசிரியர் எழுதியது சரி. ஆனால் பிள்ளைக்கு வந்த சந்தேகமும் நல்ல சந்தேகம். "கால் வலிக்க வலிக்க நடந்தேனே" என்கிறான். கால் வலிப்பது தூரத்தால். "இப்போது எங்கே இருக்கிறாய், புறப்பட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி?" என்று கேட்பதுதான் இடப்பெயர்ச்சி. அது அவன் நடந்த கதையைக் கேட்பதே இல்லை.

காலைப் பயணத்தை மட்டும் எடுத்தால் பூச்சியம் வராது. 1 கிலோமீற்றரை அரை மணித்தியாலத்தால் வகுக்க, சராசரி வேகம் கிழக்கே மணிக்கு 2 கிலோமீற்றர். அதே அரை மணித்தியாலத்தில் சராசரிக் கதி 6.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் நம் கோச்சியைப் பாருங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பயணம் பத்து மணித்தியாலம் என்று எடுத்தால் சராசரிக் கதி மணிக்கு 29 கிலோமீற்றர். ரயில் எப்போதும் 29இல் ஓடுவதில்லை. றம்புக்கணை வரை சமவெளியில் நன்றாக ஓடும். அதற்குப் பிறகு ஏற்றம். மிகச் செங்குத்தான இடங்களில் 44 மீற்றர் முன்னே போனால் 1 மீற்றர் மேலே ஏறும் பாதை அது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலை நிலையத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேரும். நிலையங்களில் நிற்கும்போது கதி பூச்சியம். இத்தனையையும் ஒரே எண்ணாக மடித்து வைத்தது சராசரி. அந்தந்தக் கணத்தில் இருப்பது கணநிலைக் கதி.

சரி, இடப்பெயர்ச்சி? வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பதுளை கொழும்புக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே இருக்கிறது. நேர்கோட்டில் 130 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ரயில் வடக்கே பொல்காவலை வரை போய், பேராதனையில் தெற்கே திரும்பி, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா என்று சுற்றி வருகிறது. அத்தனை சுற்றும் முடிந்த பிறகு சராசரி வேகம் கிழக்கே மணிக்கு 13 கிலோமீற்றர்தான்.

தெமோதரை இன்னும் அழகு. எல்லயிலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டி ரயில் தெமோதரை நிலையத்துக்கு வரும். அங்கிருந்து புறப்பட்டு மலையை ஒரு வட்டம் போட்டுச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தில் நுழைந்து மறுபக்கம் வரும். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். நிலையத்தில் நின்ற கணத்தையும் அதற்கு நேர் கீழே சுரங்கத்தில் இருக்கும் கணத்தையும் எடுத்துப் பாருங்கள். ரயில் ஒரு வட்டமே ஓடியிருக்கிறது, தூரம் நிறைய. கிழக்கே மேற்கே வடக்கே தெற்கே என்று பார்த்தால் இடப்பெயர்ச்சி ஏதுமில்லை. இருக்கும் இடப்பெயர்ச்சி முழுவதும் கீழ்நோக்கி. பிள்ளையை ஒரு முறை அங்கே கூட்டிப்போக முடிந்தால் கூட்டிப்போங்கள்.

இப்போது தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். நோர்வூட் பாதையில் பஸ் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தால் முள் தெரியும். முள் 20இல் நிற்கிறது. எந்தத் திசையில் 20 என்று அது சொல்வதில்லை. ஆகவே அது காட்டுவது கதி, அதுவும் அந்தக் கணத்துக் கதி. பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. முள் அசையவே இல்லை, 20தான். ஆனால் வடக்கே போன பஸ் இப்போது தெற்கே போகிறது. கதி மாறவில்லை, வேகம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை முள் காட்டாவிட்டாலும் உடம்பு காட்டும். வளைவில் பக்கத்தில் இருப்பவர் நம் மேல் சாய்வதும், மேலே வைத்த பை ஒரு பக்கமாக வழுக்குவதும் அதனால்தான். உடம்பு பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது. சாதாரண தரத்தில் நேர்கோட்டில் போவதைப் பற்றித்தான் கேட்பார்கள், வளைவுக் கணக்கு வராது. ஆனாலும் இதை உடம்பால் உணர்ந்த பிள்ளை, வேகத்துக்குத் திசை உண்டு என்பதை மறக்காது.

அலகு மாற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 கிலோமீற்றர் 1,000 மீற்றர். 1 மணித்தியாலம் 3,600 செக்கன். அதனால் மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: 72 என்றால் 20, 18 என்றால் 5, 54 என்றால் 15. இந்த எண்ணுக்கு ஒரு முகமும் உண்டு. நம் நாட்டு ஓட்ட வீரர் யுபுன் அபேகோன் 2022இல் சுவிட்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் 10 செக்கனுக்குள் ஓடிய முதல் ஆள். அவருடைய சராசரிக் கதி செக்கனுக்கு 10 மீற்றரைச் சற்றே தாண்டுகிறது, அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். நம் பாதையில் நேரான ஒரு துண்டில் பஸ் போவதைப் போல ஒரு மனிதர் ஓடியிருக்கிறார்! பூச்சியத்திலிருந்து தொடங்கியவருக்குச் சராசரியே 10 என்றால், நடுவில் அவர் 10ஐ விடக் கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். எவ்வளவு என்று தேடிப் பார்க்கத் தேவையில்லை, ஏன் என்று மகன் சொல்லட்டும்.

அந்தத் தொடக்கத்தில்தான் ஆர்முடுகல் இருக்கிறது. ஹோல்ட்டில் நின்ற பஸ் புறப்படுகிறது. ஒரு செக்கன் முடிய செக்கனுக்கு 2 மீற்றர், இரண்டு செக்கன் முடிய 4, மூன்றில் 6, நான்கில் 8, ஐந்தில் 10. ஒவ்வொரு செக்கனும் வேகம் 2 கூடுகிறது. எது கூடுகிறது? "செக்கனுக்கு மீற்றர்" கூடுகிறது. எத்தனை நேரத்துக்கு ஒரு முறை? ஒவ்வொரு செக்கனுக்கும். அதனால்தான் ஆர்முடுகலின் அலகில் செக்கன் இரண்டு முறை வருகிறது. செக்கனின் வர்க்கம் என்று பாடநூல் எழுதுவதைப் பார்த்து "நேரத்துக்கு எப்படிச் சதுரம்?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நல்ல கேள்வி. சதுரம் எதுவும் அங்கே இல்லை. ஒரு செக்கன் வேகத்துக்குள் இருக்கிறது, இன்னொன்று அந்த வேகம் மாற எடுத்த நேரம். சம்பளத்தோடு ஒப்பிட்டால் உடனே விளங்கும். "நாளுக்கு இவ்வளவு ரூபா" என்பது வேகம் மாதிரி. "நாட்சம்பளம் வருடத்துக்கு இவ்வளவு கூடுகிறது" என்பது ஆர்முடுகல் மாதிரி. சம்பளம் பெரிதாக இருந்தும் பல வருடம் கூடாமலே இருக்கலாம். அதேபோல வேகம் மிகப் பெரிதாக இருந்தும் ஆர்முடுகல் பூச்சியமாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். கிரிக்கெட் பந்தை நேரே மேலே எறிகிறான், செக்கனுக்கு 20 மீற்றரில் என்று வைப்போம். புவியீர்ப்பு ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 10 குறைக்கிறது. இரண்டு செக்கனில் பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, வேகம் பூச்சியம். அந்தக் கணத்தில் ஆர்முடுகல்? வகுப்பில் பாதிப் பேர் பூச்சியம் என்பார்கள். இல்லை, அங்கேயும் அதே 10, கீழ்நோக்கி. ஆர்முடுகல் அங்கே பூச்சியமாகிவிட்டால் பந்து உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், கைக்குத் திரும்பி வராது.

கலிலியோ என்ற இத்தாலியரை இந்த இடத்தில் அறிமுகப்படுத்துங்கள். 1564இல் பிறந்தவர். விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது என்று அறிய விரும்பினார். நேரே விழவிட்டால் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். அளக்க அவரிடம் செக்கன் காட்டும் கடிகாரம் இல்லை. அதனால் விழுவதைச் சரிவில் உருள்வதாக மாற்றினார். ஏறத்தாழ 12 முழ நீள மரச்சட்டத்தில் நேரான ஒரு வாய்க்கால் வெட்டி, வழவழப்புக்குத் தோல்தாள் ஒட்டி, ஒரு முனையை உயர்த்தி, உருண்டையான வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை நீரால் அளந்தார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே நீர் ஒழுகும். குண்டு உருளும் வரை ஒழுகிய நீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். நூறு முறைகூடத் திரும்பத் திரும்பச் செய்ததாக 1638இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு என்று கண்டார்.

இதை உங்கள் வாசலிலேயே செய்யலாம். மிகச் செலவில்லாதது, நான் சொல்வதில் மிகப் பயனுள்ளதும் இதுதான், அதனால் தவறாமல் செய்து பாருங்கள். பி.வி.சி. குழாய் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்த துண்டு, இரண்டு மீற்றர் அளவில். மூங்கிலைப் பிளந்து கணுவைச் சீவினாலும் போதும். ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி 20, 25 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். மேல் முனையில் கோலிக்குண்டை வைக்கும் இடத்துக்கு ஒரு கோடு. அங்கிருந்து 40, 80, 120, 160 சென்ரிமீற்றரில் வாய்க்காலின் அடியில் குறுக்கே தையல் நூல் துண்டுகளை ஒட்டுங்கள். குண்டை உருட்டிவிடாமல் சும்மா கையை எடுங்கள். நூலை ஏறிக் கடக்கும்போது 'டக்' என்று சிறு சத்தம் வரும். டக்... டக்.. டக். டக் என்று சத்தம் நெருங்கி நெருங்கி வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அவன் காதால் கேட்பது ஆர்முடுகல்.

அப்புறம் நூல்களைக் கழற்றி 10, 40, 90, 160 சென்ரிமீற்றரில் ஒட்டுங்கள். இப்போது இடைவெளிகள் 10, 30, 50, 70 என்று கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் சத்தம் டக், டக், டக், டக் என்று தாளம் தப்பாமல் வரும். முதல் துண்டு நேரத்தில் 1 பங்கு, அடுத்ததில் 3 பங்கு, பிறகு 5, பிறகு 7. கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16. கலிலியோ கண்ட அதே எண்கள். பாடநூலில் "தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமம்" என்று படித்து மறந்த பிள்ளை, இந்தத் தாளத்தை மறக்காது.

வரைபில் ஒரு குழி மலையகத்துப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. மேல்நோக்கிப் போகும் கோட்டைப் பார்த்ததும் "பஸ் மலை ஏறுகிறது" என்கிறார்கள். கோடு கீழே வந்தால் "இறக்கம்". வரைபை மலையின் படமாகப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க மலையையே பார்க்கும் கண் அப்படித்தான் பார்க்கும். அதனால் வரைபைத் தொடும் முன்பு பிள்ளையைச் சமதரையில் நடக்கவிடுங்கள். லயத்திலிருந்து கடைக்கு நேரான பாதை 400 மீற்றர் என்று வைப்போம். 5 நிமிடத்தில் போனான், 3 நிமிடம் கடையில் நின்றான், 4 நிமிடத்தில் திரும்பினான். இடப்பெயர்ச்சி – நேர வரைபை வரையுங்கள். முதல் ஐந்து நிமிடம் கோடு மேலே ஏறும், பிறகு படுக்கையாக நிற்கும், பிறகு கீழே வந்து பூச்சியத்தைத் தொடும். எந்த மலையும் அவன் ஏறவில்லை, இறங்கவில்லை. ஏறுவது வீட்டிலிருந்து அவன் தள்ளிப் போகும் அளவு. கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு விரைவு; அந்தப் படித்திறன்தான் வேகம். போகும்போது நிமிடத்துக்கு 80 மீற்றர். நிற்கும்போது பூச்சியம். திரும்பும்போது நிமிடத்துக்கு மறை 100. அந்த மறைக் குறி "எதிர்த் திசையில்" என்று சொல்கிறது.

வேக – நேர வரைபு வந்ததும் அடுத்த குழி. அங்கே படுக்கையான கோட்டைப் பார்த்து "நிற்கிறான்" என்பார்கள். இல்லை, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டு வரைபும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பேசுவது வேறு. ஆகவே வரைபைக் கண்டதும் முதலில் நிலைக்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்து வாசிக்கப் பழக்குங்கள். முன்பு சொன்ன பஸ் 5 செக்கனில் 10ஐ எட்டி, 20 செக்கன் அதே வேகத்தில் போய், 4 செக்கனில் நிற்கிறது என்றால் வரைபு ஒரு சரிவகம். அதற்குள் அடங்கும் பரப்பளவு இடப்பெயர்ச்சி: முதல் முக்கோணம் 25, நடுச் செவ்வகம் 200, கடைசி முக்கோணம் 20, மொத்தம் 245 மீற்றர். சூத்திரமே வேண்டாம்.

அந்தக் கடைசி முக்கோணம் நம் பாதைகளில் உயிர் சம்பந்தப்பட்டது. பனிமூட்டத்தில் 30 மீற்றர்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த 30 மீற்றரில் ஒரு மாடு நிற்கிறது என்று எடுப்போம். ஓட்டுநர் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க 1 செக்கன். பிறகு ஒவ்வொரு செக்கனும் வேகம் 5 குறைகிறது, இதுதான் அமர்முடுகல். மணிக்கு 36 கிலோமீற்றரில் வந்தவர் அந்த ஒரு செக்கனில் 10 மீற்றர் போவார். நிற்க 2 செக்கன், முக்கோணத்தின் பரப்பளவு இன்னும் 10. மொத்தம் 20 மீற்றர். மாட்டுக்கு 10 மீற்றர் முன்னால் நின்றுவிட்டார். மணிக்கு 72இல் வந்தவர் முதல் செக்கனிலேயே 20 மீற்றர் போய்விடுகிறார். முக்கோணத்தின் உயரமும் இரண்டு மடங்கு, அடியும் இரண்டு மடங்கு, பரப்பளவு நான்கு மடங்கு: 40 மீற்றர். மொத்தம் 60. மாட்டின் மேல் அவர் மோதும் கணத்தில் முள் இன்னும் மணிக்கு 62 கிலோமீற்றரைக் காட்டிக்கொண்டிருக்கும். கணக்கைச் செய்து பார்த்த பிள்ளைகள் வகுப்பில் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். ஈரமான பாதையில் பிரேக் இதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பஸ்ஸில் போகும்போது செய்ய ஒன்று. பாதி நீர் நிரப்பிய போத்தலைப் படுக்கையாக, வாய் முன்பக்கம் பார்க்க மடியில் வைக்கச் சொல்லுங்கள். பஸ் புறப்படும்போது நீர் பின்பக்கம் ஏறும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஏறும். ஒரே வேகத்தில் போனால், எவ்வளவு விரைவாகப் போனாலும், மட்டமாக இருக்கும். முள் 50ஐக் காட்டும்போதும் நீர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆனால் நம் பாதைகளில் ஒரு தொல்லை உண்டு. ஏற்றத்தில் போத்தலே சாய்வதால், ஆர்முடுகல் இல்லாத நேரத்திலும் நீர் பின்பக்கம் ஏறியதுபோலத் தெரியும். அதனால் சமதரையான பாதையில்தான் பார்க்க வேண்டும். நுவரெலியாவுக்குப் போகும் நாள் வந்தால் கிரகரி வாவியின் ஓரத்துப் பாதை இதற்குப் பொருத்தமான இடம்.